ஆமைத்திட்டு பெயர் பெற்ற நாள்

கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம் ஓர் ஏரி, அதன் நடுவே ஒரு திட்டு. பதிவேட்டில் அதன் பெயர் ஆமைத்திட்டு. இப்போது கைப்பேசியில் தேடினாலும் வருகிறது. அந்தப் பெயரை வைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

முதலில் அது திட்டே இல்லை. ஓடைக்கு மேலே கிடந்த சாதாரண மேடு. நான் பிறப்பதற்கு முன்பு ஓடையை மறித்துக் கரை போட்டார்கள். தண்ணீர் ஏறி மேட்டைச் சுற்றிக்கொண்டது. தாழ இருந்தவர்கள் காட்டை இழந்து வெளியேறினார்கள். மேலே இருந்த நாங்கள் எதையும் இழக்காததால் அங்கேயே மாட்டிக்கொண்டோம். கடைசியில் மிஞ்சியவை எங்கள் வீடும் பெரியப்பா வீடும்தான். பெரியம்மா இறந்துவிட்டதால் இரண்டு அடுப்புக்கும் அம்மா ஒருத்திதான்.

திட்டுக்கும் அக்கரைக்கும் இடையே ஒரு கயிறு கட்டியிருந்தது. மூங்கில் தெப்பத்தில் நின்று அதைப் பிடித்து இழுத்தால் தெப்பம் நகரும். நான் பள்ளிக்கூடம் போக, திரும்ப, ரேஷன் அரிசிக்கு, சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும் மிளகு மூட்டைக்கு என்று அம்மா இழுத்துக்கொண்டே இருந்தாள். மழைக்காலத்தில் நனைந்த கயிறு உள்ளங்கையை உரித்துவிடும். சோறு பிசையும்போது குழம்புக் காரம் பட்டு முகத்தைச் சுளிப்பாள். அப்பாவும் பெரியப்பாவும் மரவள்ளிக் காட்டைவிட்டு நகரமாட்டார்கள். இந்த மண்ணை விடக்கூடாது என்பதில் மட்டும் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பேச்சு.

ஒரு சனிக்கிழமை, குடியிருப்புகளைப் பதிவதற்குச் சமவெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அதிகாரியை அம்மாவும் நானும் தெப்பத்தில் ஏற்றிக் கூட்டிவந்தோம். அவர் நோட்டை விரித்து விவரம் சொன்னார். பெயருள்ள குடியிருப்பு என்று பதிந்தால் கரன்ட் கம்பத்துக்கு எழுதலாம். பெயரில்லாத மேடு என்றால், ரோட்டோரம் மாற்று வீட்டுமனை கேட்டு எழுதிவிடுவார்.

“எழுதுங்க, எங்கப்பன் பேரு,” என்றார் அப்பா.

“மூத்தவன் நான் இருக்கறப்ப நீ என்றா பேரு வெக்கறது? பலா மரத்தடியில சாமி இருக்குதில்ல, அது பேர எழுதுங்கம்மா.”

சண்டை வளர்ந்தது. என்றைக்கோ அம்மா வாங்கித் தின்ற கடலைமிட்டாய்க் கணக்கு வரைக்கும் வந்தது. அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “நீங்க ஒத்துவரலைன்னா பேரில்லைன்னுதான் எழுதணும்.”

அதுவரை வாசற்படியோரம் நின்றிருந்த அம்மா முன்னால் வந்தாள்.

“அப்படியே எழுதிக்குங்க. இதுக்குப் பேரெல்லாம் இல்லீங்க.”

வெளியாளிடம் அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதிகாரி அம்மா பேனாவை நோட்டில் வைத்தார். விடை தெரிந்த பிள்ளை சும்மா இருக்கலாமா?

“இருக்குதுங்க டீச்சர்! ஆமைத்திட்டு! அக்கரையில இருந்து பாத்தா ஆமை முதுகாட்டமே இருக்கும். எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

அதிகாரி அம்மா சிரித்துவிட்டார். அண்ணன் தம்பி இருவரில் யாரும் ஜெயிக்காத பெயர் என்பதால் இருவருமே தலையாட்டினார்கள். அவர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அம்மா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரன்ட் கம்பம் வர ஆறு வருடமானது. மனை யாருக்கும் வரவில்லை. முழங்கை மடங்காமல் போகும்வரை அம்மா அந்தக் கயிற்றை இழுத்தாள். இதெல்லாம் பிறகு.

அன்று அதிகாரி அம்மாவை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். பாதி ஏரியில் அம்மா கயிற்றை விட்டுவிட்டு, தெப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருநாளும் அப்படிச் செய்தவள் இல்லை.

“கை வலிக்குதாம்மா?”

“இல்ல கண்ணு. செத்த நேரம் இப்படியே இருக்கலாம்.”

நான் நல்ல பெயர் சொன்னதற்குத்தான் இந்தச் சவாரி என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகக் காலைத் தண்ணீருக்குள் விட்டு ஆட்டினேன்.