பத்து முறை எழுதாத வாக்கியம்

ஐந்தாம் வகுப்பு ஆங்கில மிஸ்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 'லுக் ஆஃப்டர்' என்றால் ஒருவரைக் கூடவே இருந்து கவனித்துக்கொள்வது என்று சொல்லித் தந்தவரே அவர்தான். பிறகு, அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். சொந்தமாக என்றால் சொந்தமாகத்தானே? 'மை ஃபாதர் லுக்ஸ் ஆஃப்டர் மீ' என்று எழுதினேன். 'ஃபாதர்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'மதர்' என்று எழுதிவிட்டார். அதோடு விட்டாரா? "அப்பா சம்பாதிப்பாரு, அம்மாதான் பாத்துப்பாங்க. இதுகூடத் தெரியாதா?" என்று வகுப்பையே சிரிக்க வைத்தார். திருத்தியதைப் பத்து முறை எழுதி வரவேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை பார்த்த துணிக்கடையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபின் அப்பா வீட்டில்தான் இருந்தார். அவருக்குப் பதில் ரங்கநாதன் தெருவிலிருந்த அதே கடைக்கு அம்மா புடவை விற்கப் போனாள். தினமும் ரிப்பன் மடித்து எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டது யார்? நொச்சிக்குப்பம் வரை நொண்டிக்கொண்டே நடந்து சங்கரா மீன் வாங்கிவந்து, முள் எடுத்து ஊட்டியது யார்? மிஸ்ஸா?

அப்பாவோ மிஸ்ஸிடம் சண்டைக்கு வர மறுத்துவிட்டார். "உடு கண்ணு, மிஸ்ஸு சொல்றத எழுதிக்கினு போ" என்றார். அவர்மேலும் கோபம் வந்தது. அம்மா வேலையிலிருந்து வந்ததும் நோட்டை நீட்டி, எல்லாவற்றையும் கொட்டினேன். அவளாவது பள்ளிக்கு வந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று நம்பினேன். அவள் நான் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இதுல நான் எங்க கீறேன்?" என்றாள்.

"நீதான் வூட்லயே இருக்கறதில்லயே!"

அவள் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அவளும் மிஸ் கட்சிதான் என்று முடிவு கட்டி, அதற்குப்பின் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு வரிகூட எழுதாமல்தான் மறுநாள் பள்ளிக்குப் போனேன். இரண்டு பீரியட் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார் மிஸ். சுவரில் சாயக்கூட விடவில்லை. கால் கடுத்தது. அப்பாவுக்காக நிற்கிறேன் என்று பெருமையும் அழுகையுமாக நின்றேன். அதே நேரத்தில், உட்கார ஒரு ஸ்டூல்கூடத் தராத அந்தக் கடையில், காலையிலிருந்து அம்மா யாருக்காக நின்றுகொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.