தங்கச்சி கேட்காத டாக்டர் படிப்பு

தேயிலைக் கொழுந்து எடுக்கும் மலையில் அட்டை கடித்தால் எல்லோரும் உப்பைத் தேடுவார்கள். என் தங்கச்சி அங்கேயே குந்திவிடுவாள். சின்ன வயதில், டயகமப் பக்கம் எங்கள் தோட்டத்தில், அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் ஒருநாள் அவள் கணுக்காலில் ஒன்று ஏறிவிட்டது. நான் அலறிக்கொண்டு உப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். "சும்மா இரு அண்ணே, அது சாப்பிடுது" என்றாள். குடித்து உருண்டு அது தானாக விழும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். இதென்ன பிறவியோ என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

உயர்தர வகுப்பில் அவள் உயிரியல் எடுத்த அன்றே எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்க அவளை டாக்டராக்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்குப் பயோ என்றால் டாக்டர்தான், வேறு பேச்சே கிடையாது. காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது கங்காணி என் அம்மாவை, "டாக்டரோட அம்மா, இப்புடி வாங்க" என்று கூப்பிடுவார். பக்கத்துக் காம்பரா அத்தை முட்டியைத் தடவிக்கொண்டு, "சீக்கிரம் படிச்சு முடி தாயி, அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிறேன்" என்பார். தங்கச்சி சிரித்துவிட்டுப் போவாள்.

பரீட்சை முடிவு வந்தது. மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளியை அவள் எட்டவில்லை. அவள் எடுத்த புள்ளி விஞ்ஞான பீடத்துக்குத் தாராளமாகப் போதும், ஆனால் அதை யார் கேட்டார்கள்? அந்தச் சமயம் பார்த்து ஹட்டனிலிருந்து ஒரு ஏஜென்ட் வழவழப்பான புத்தகத்தோடு வந்து இறங்கினார். வெளிநாட்டில் மருத்துவக் கல்லூரி, கட்டணம் குறைவு, இடம் நிச்சயம் என்றார். அவருக்கு வேண்டுமானால் அது குறைவு. அப்பா அன்று சாயங்காலமே முடிவெடுத்துவிட்டார். தானும் அம்மாவும் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வேலையை விட்டால் சேவைக்காலப் பணம் மொத்தமாக வரும். வேலை போனால் தோட்டம் தந்த குடியிருக்கும் காம்பராவும் போகும். "கினிகத்தேனைல ஒரு ரூம வாடகைக்கு எடுத்துக்குவோம். புள்ள டாக்டரா வரட்டும்" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே தலையாட்டினார். லீவுக்கு வந்திருந்த நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். கொழும்பில் துணிக்கடையில் நிற்கிற என் சம்பளம் எந்த மூலைக்கு?

அப்போதுதான் தங்கச்சி வாயைத் திறந்தாள். "அப்பா, நான் டாக்டராகணும்னு என்னைக்காவது கேட்டேனா?"

யோசித்துப் பார்த்தோம். அடப்பாவமே, கேட்டதே இல்லை! நாங்கள்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

"எனக்கு உசுருங்க எப்புடிப் பொழைக்குதுன்னு பாக்கணும்பா. அத நம்ம நாட்டுலயே காசு வாங்காம சொல்லித் தர்றாங்க."

"அதப் படிச்சு என்னா செய்வ?" என்றார் அப்பா.

"இன்னும் தெரியலப்பா."

அந்தத் 'தெரியல'யை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். நானாக இருந்தால் அப்பாவைச் சமாளிக்க ஏதாவது ஒரு உத்தியோகத்தின் பெயரை அளந்துவிட்டிருப்பேன். அவள் உள்ளதைச் சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அப்பா பேரை வெட்டப் போகவில்லை.

அதன்பிறகு அவள் பல்கலைக்கழகம் தேடிய அழகு இருக்கிறதே! அரசாங்கத்தில் எங்கே போனாலும் படிப்பு இலவசம், இருந்து தின்னும் செலவில்தான் வித்தியாசம். கொழும்புக்கு வா, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீயே ஒரு ரூம்ல நாலு பேரோட இடிபட்டுக் கெடக்குற, வந்துட்டான்" என்றாள். கண்டிப் பக்கம் ஒன்றை நேரிலேயே போய்ப் பார்த்தாள். விடுதிச் சமையலை எட்டிப்பார்த்து, அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் சோப்பு செலவு முதல் சிங்களப் பிள்ளைகளோடு பழகுவது வரை கேட்டுத் துளைத்துவிட்டு, கடைசி ரயிலில் ஹட்டனில் வந்து இறங்கினாள். "அண்ணே, விடுதி இருக்கு, உதவிப்பணம் இருக்கு, பின்னாலயே காடு இருக்கு. மழை பேஞ்சா அட்டையும் வருதாம்!" என்றாள். விண்ணப்பத்தில் அதையே முதலாவதாகப் போட்டாள், கிடைத்தது.

லயம் முகத்தைத் தொங்கப்போட்டது. "அப்ப என் முட்டிக்கு யாரு?" என்றார் அத்தை. கங்காணியின் 'டாக்டரோட அம்மா'வும் நின்றுபோனது. யாராவது விசாரித்தால் அப்பா, "ஏதோ படிக்குது" என்று பேச்சை முடித்துக்கொள்வார். அது தங்கச்சிக்கு வலித்தது.

போன விடுமுறைக்கு அவள் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கி ஒரு நுணுக்குக்காட்டியைக் கொண்டுவந்தாள். நாங்கள் குளிக்கிற, மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் பாசியோடு ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து, வாசல் இஸ்தோப்பில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். லயமே வரிசையில் நின்றது. "ஆத்தாடி, இதுலயா குளிச்சோம்!" என்று அத்தை துள்ளிக் குதித்ததில் எல்லோரும் சிரித்தோம்.

அப்பா முறை வந்தது. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டார். குனிந்து கண்ணை வைத்தவர் அசையவே இல்லை. பின்னாலிருந்தவர்கள், "மத்தவங்களும் பாக்க வேணாமா?" என்று சத்தம் போட்டார்கள்.

"நீந்துதும்மா" என்றார் அப்பா, மெதுவாக. "இதப் பாக்கத்தான் போனியா?"

"ஆமாப்பா."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார்.