படிக்காத நாவலுக்கு எழுதிய மதிப்புரை

ஓசூரிலிருந்து வரும் ஒரு சிறு மாத இதழில் புத்தகச் செய்திப் பக்கம் எழுதுகிறேன். ஊரில் யார் புத்தகம் போட்டாலும் முதலில் வயிறு எரிவது எனக்குத்தான். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

போன வருடம், நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் என் ஷிப்டிலேயே இருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவன் நாவல் வெளியிட்டான். விழாவில் நாற்காலி பற்றவில்லை. என் சிறுகதைத் தொகுப்பு வெளியானபோது நாற்காலி வாடகைக்கு விட்டவரே முன்வரிசையில் உட்கார்ந்து கூட்டம் காட்டினார். தம்பி கையெழுத்திட்டுத் தந்த பிரதியைப் பிரிக்க மனம் வரவில்லை. எங்கேயாவது வை என்று மனைவியிடம் கொடுத்தேன்.

அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம்; கீழே இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குத் தெலுங்குதான். தமிழ் படிக்கத் தெரியாது. ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி மதியங்களில் நாவலைத் தெலுங்கில் சொல்ல, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். என் தொகுப்பை முன்னுரையோடு மூடிவைத்தவள் இவள். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, மாடிப்படியில் நின்று பொருமிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டுவிட்டேன். நான் கல்லாவி ஊர்க்காரன்; கதை புரிகிற அளவுக்குத் தெலுங்கு தெரியும்.

இதழாசிரியர் மதிப்புரை கேட்டார். இனி எதற்குப் படிப்பது? கேட்டதை வைத்தே எழுதினேன். நடை தளர்வு, முடிவு அவசரம் என்று ஆசைதீரக் குத்தினேன். ஒரே ஒரு இடத்தில்தான் பேனா மறுத்தது. கோபம் வந்தால் வாயைத் திறக்காமல், ஏற்கெனவே பளபளக்கும் பைக்கைத் திரும்பத் திரும்பத் துடைக்கும் கணவன். இப்படியொரு கோமாளி என் கதையில் வரவில்லையே என்று சோறு இறங்கவில்லை. ‘நாவலில் உயிருள்ள ஒரே பாத்திரம்’ என்று எழுதிக்கொடுத்தேன்.

இதழ் வந்ததும் தம்பி கேன்டீனில் தட்டோடு என் எதிரே உட்கார்ந்தான்.

“அண்ணே, அந்த பைக் தொடைக்கிறவன் எந்தப் பக்கத்துலண்ணே வாரான்? நான் அப்படி ஒருத்தன எழுதவே இல்லையே.”

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். வெங்காயத்திலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

“நடுவுல கொஞ்சம் இழுவையா இருந்துச்சுங்க. அந்தம்மா கொட்டாவி விட்டாங்க. அதான் நானா ஒண்ணு சேத்தேன்.”

தம்பி மேலிருந்த எரிச்சல் மொத்தமும் அந்த நொடியே இடம் மாறியது. இத்தனை வருடம் எழுதியும் எனக்குக் கைவராதது, ஒரு கொட்டாவியை அடக்க இவளுக்கு வந்துவிட்டதே. ஒன்றும் பேசாமல் கீழே இறங்கினேன். பைக்கின் டேங்க்கைத் துடைத்து முடித்து இண்டிகேட்டருக்கு வந்தபோதுதான் கை நின்றது.

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா மாடியைப் பார்த்து, சீக்கிரம் வந்து பார் என்று தெலுங்கில் என் மனைவியைக் கூப்பிட்டார். எனக்கு அந்த பாஷை தெரியாமலே இருந்திருக்கலாம்.