எத்தனை மடங்கு

தென்காசிக்கு வெளியே ஒரு நூற்பாலையில் பணியாளர் பிரிவில் இருந்தேன். சம்பளப் பேச்சு நடக்கும்போது, தொழிலாளர்கள் சொல்வதைத் தலைமை அதிகாரிக்கு ஆங்கிலத்திலும் அவர் சொல்வதை இவர்களுக்குத் தமிழிலும் சொல்வது என் வேலை. அவர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது.

ஒரு வருஷம் பேச்சைக் குற்றாலத்தில் ஒரு விடுதியில் வைத்தார்கள். சாரல் நேரம். ஜன்னலை அடைத்தும் உள்ளே ஈரக்காற்று. அந்த மாதம் அதிகாரிக்குச் சம்பளம் கூடியிருந்தது. அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்தவள் நான்தான். 

பஞ்சு விலை ஏறிவிட்டது, ஆர்டர் குறைந்துவிட்டது என்று அதிகாரி அரைமணி நேரம் சொன்னார். சங்கத்தின் சார்பில் வந்திருந்த ஐந்து பேரில் ஒருவர் அச்சன்புதூர் அக்கா. நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் இருபது வருஷம். அவர் என்னிடம் சொன்னார்:

"எங்க கூலிக்கு அவுக சம்பளம் எத்தனை மடங்குன்னு கேளு பிள்ள. இத்தனை மடங்குக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரம்பு வைக்கட்டும். அவுகளுக்குக் கூடினா எங்களுக்கும் கூடும்லா."

அப்பாவுக்கு ஆலையின் காப்பீட்டில்தான் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. 'சம்பளத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்கிறார்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். அதிகாரி பொறுப்பு, திறமை, சந்தை நிலவரம் என்று பொறுமையாக விளக்கினார்.

அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"எம் மவ இங்கிலீஷ் மீடியத்துல படிக்கா. மடங்குக்கு 'டைம்ஸ்'னு சொல்லணும். நீ அதைச் சொல்லலையே."

அக்கா கேட்டதை இந்த முறை அப்படியே சொன்னேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "முதலில் ஏன் மாற்றிச் சொன்னாய்?"

"பயம் சார்."

"யாரிடம்?"

நான் குறிப்பேட்டில் குனிந்துகொண்டேன். தன் சம்பளமெல்லாம் இயக்குநர்கள் முடிவு செய்வது, இங்கே பேச முடியாது என்று அதிகாரி எழுந்துவிட்டார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

திரும்பும்போது வேனில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எனக்காச்சும் சங்கம் இருக்கு. ஒனக்கு யாரு இருக்கா?" என்றார்.

ஆறு வாரம் மெமோவை எதிர்பார்த்தே கழிந்தது. ஆபீஸ் பையன் கவரோடு வந்தாலே என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். மெமோ வரவில்லை, என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். காப்பீட்டில் கைவைக்கவில்லை. தொழிலாளர்களுக்குக் கேட்டதில் பாதி கூடியது. வரம்பைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை.

அடுத்த பேச்சுக்கு மதுரையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள். அக்கா அதே கேள்வியைக் கேட்டாராம். அந்த மொழிபெயர்ப்பாளரும் சரியாகச் சொன்னாராம். அதிகாரி அதற்கும், இயக்குநர்கள் முடிவு செய்வது என்று எழுந்துவிட்டாராம்.