அண்ணி சீஸ் வாங்கிய கடை

என் அண்ணனுக்கு இந்த நகரம் முழுக்க அத்துப்படி என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு ஸ்டாப்புகள் தெரியும், சிக்னல்கள் தெரியும், எந்த வளைவில் எவன் குறுக்கே விழுவான் என்று தெரியும். இறங்கி நாலடி நடக்கவிட்டால் திருதிருவென்று முழிப்பான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே தடத்தில் ஓட்டுகிறான், அந்தத் தடத்தில் ஒரு கடைப் படிகூட ஏறியதில்லை.

ஏற வேண்டிய தேவையும் அவனுக்கு வந்ததில்லை. வாங்குவதெல்லாம் அண்ணிதான். ஆட்டுப்பால் சீஸ் ஒரு கடையில், தேன் வேறொரு கடையில், விறகடுப்பில் சுட்ட ரொட்டிக்கு இன்னும் நாலு ஸ்டாப் தள்ளி. "ஒரு ரொட்டிக்கு ஊர்கோலம் போகணுமா அண்ணி?" என்று கேட்டால், "நாக்கு கேக்குதே, என்ன பண்ணச் சொல்றே?" என்பாள். போவதும் வருவதும் அண்ணன் ஓட்டும் பஸ்ஸில்தான். அவனுக்கு அது எரிச்சல். "இந்தக் கூட்டத்துல இடிபட்டு எதுக்கு வர்றே?" என்று கடிந்துகொள்வான். மற்றபடி இருவரும் பேசிக்கொள்ள நேரம் ஏது? விடிவதற்குள் கிளம்புவான். ஓவர்டைம் முடித்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். மூடி வைத்த சாப்பாட்டை நின்றபடியே விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவான். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் அண்ணி காய்ச்சலில் விழுந்தாள். காய்ச்சல் விட்டது, ஆனால் சோறு இறங்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்து நான் தினமும் எதையாவது சமைத்து எடுத்துப் போவேன். இரண்டு வாய் வாங்கிவிட்டு, "போதும்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. "இந்த வாரமும் சாப்பிடலைன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கிறதைத் தவிர வேற வழியில்லை" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் மறுநாளே லீவு போட்டுவிட்டு அவள் கட்டிலருகே குனிந்து, "உனக்குப் பிடிச்ச அந்தச் சீஸ் எந்தக் கடையில? சொல்லு, வாங்கிட்டு வர்றேன்" என்றான்.

"மணிக்கூண்டு ஸ்டாப்புங்க. எப்பவும் சிடுசிடுன்னு இருப்பாரே ஒருத்தர், ஆனா எடை போட்டதும் ஒரு துண்டு சேர்த்து வைப்பாரே, அவர் கடை."

இதை வைத்துக்கொண்டு பஸ் டிரைவர் என்ன செய்வான்? போய் இறங்கியிருக்கிறான், பஸ் போகிற திசையிலேயே நடந்திருக்கிறான். அடுத்த ஸ்டாப்பே வந்துவிட்டதாம். கடைசியில் சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கட்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அண்ணி ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். "இது அது இல்லீங்க" என்று மெதுவாகத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

அடுத்த நாள் நானும் கூடப் போனேன். ஸ்டாப்பில் இறங்கியதும் அவன் காலும் முகமும் முன்னால்தான் போயின. "பின்னாடி திரும்புண்ணா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். பஸ் தாண்டி வந்த சந்துக்குள், பழைய தையல் கடைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கடை. வெள்ளை ஓடு பதித்த மேடை. மரப்பலகைகளில் துணி சுற்றிய சீஸ் வட்டங்கள். ஈரச்சுவரும் புளித்த பாலும் கலந்த வாசனை. சிடுசிடு மனிதர் ஒரு பெரிய வட்டத்தைக் கம்பியால் அறுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் அடையாளத்தைச் சொன்னேன். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"உடம்புக்கு முடியலையா? அதானே, ஆளையே காணோமேன்னு பார்த்தேன்." பிறகு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் அந்த பஸ்ஸா?"

"ஆமாங்க."

"இந்தச் சீஸ் உங்க தெருமுனைக் கடைக்கும் நான்தான் போடறேன். அந்தம்மாகிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன், ஏம்மா இவ்வளவு தூரம் அலையறீங்கன்னு. என்ன சொல்வாங்க தெரியுமா? வீட்டுல அவரைப் பார்க்க முடியறதில்லை, பஸ்ஸுல ஏறினா முதுகையாவது பார்த்துட்டு வரலாம்ல, அப்படிம்பாங்க."

எனக்கு அண்ணன்மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மறுபடி கடைக்காரர் பக்கமே திரும்பிக்கொண்டேன். சிடுசிடு மனிதர் எடை போட்டு, மேலே ஒரு துண்டு வைத்துக் கட்டிக்கொடுத்தார். அண்ணன் வாங்க மறந்து நின்றான். நான்தான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது அவன் தடத்து பஸ்ஸே வந்தது, ஓட்டியது வேறு யாரோ. தெரிந்த ஆள் என்பதால் எப்போதும் முன்கதவில் ஏறுகிறவன், அன்று பின்கதவில் ஏறினான். கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தான். டிரைவரின் சட்டைக் காலரும் கொஞ்சம் பிடரியும் தெரிந்தன. ஒரு வளைவில் அதுவும் மறைந்தது.

"இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றான்.

வீட்டில் அவனே ரொட்டியை வெட்டினான், சீஸை அறுத்தான். கடைக்காரர் சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டு தட்டுகளில் வைத்து எடுத்துப் போய், கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அண்ணி அவனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டூட்டிக்குப் போகலையா?"

"போகலை."

"சாயங்காலம்?"

"ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டேன். சாப்பிடு."

அப்படி அவன் யாரிடமும் இன்னும் சொல்லியிருக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் சொல்லிவிடுவான் என்பதும் அவன் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது. அண்ணி ஒரு துண்டை எடுத்தாள். மென்று விழுங்கினாள். இன்னொன்றை எடுத்தாள். கண்ணை மட்டும் அவன் முகத்தைவிட்டு எடுக்கவில்லை.

"பின்னாடிதான் நரைச்சிருக்குன்னு நினைச்சேன்" என்றாள். "மீசையும் நரைச்சுப் போச்சேங்க."