சித்திரா பௌர்ணமியில் ஒரு சட்டி சில்லி

எங்கள் வீட்டில் சில்லி சமைப்பது என் கணவர்தான். இந்தக் குளிர்நாட்டில், லாங்கன்தால் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுச்சாலையில் அவருக்குக் குசினி வேலை. அங்கே வியாழக்கிழமைகளில் சில்லி. அரைத்த மாட்டிறைச்சி, டின்னில் வரும் சிவப்பு அவரை விதை, தக்காளி. உறைப்பு என்று பெயருக்குத்தான் இருக்குமாம். அதைப் பார்த்துப் பழகி வீட்டுக்குக் கொண்டுவந்து தன் பாட்டுக்கு மாற்றினார்.

நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை. துருக்கிக் கடையில் ஆட்டிறைச்சியை அரைத்து வாங்குவார். எங்கள் மிளகாய்த்தூள் மூன்று கரண்டி, ஒரு சின்ன உருண்டை பழப்புளி, ஒரு கோப்பை பால் விடாத கோப்பி, கடைசியில் கறுத்த சொக்கிளேற் இரண்டு துண்டு. அவர் பாணோடு சாப்பிடுவார். நான் புட்டோடு. மகள் சோளம் போடச் சொல்லிக் கேட்பாள். "சோளம் கோழிக்கு" என்பார்.

2009 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சில்லி கிண்டிக்கொண்டிருக்கும்போது மாமியின் ரெலிபோன் வந்தது. மாமி அப்போது வன்னியில் அயலாரோடு இடம் இடமாக ஓடிக்கொண்டிருந்தா. எழுபத்தெட்டு வயது. இவர் ஒரே பிள்ளை. யாரோ ஒருவரின் போனில் ஐந்து நிமிடம் கதைக்க விட்டிருந்தார்கள். மாமியை நான் நேரில் கண்டதில்லை. கல்யாணம் இங்கேதான் நடந்தது. எனக்கு மாமி என்றால் அந்தக் குரல்தான். இவர் போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி விட்டார்.

"என்னடா செய்யிறாய்?"

"சமைக்கிறன் அம்மா. சில்லி எண்டு ஒரு சாப்பாடு."

"என்ன போடுறாய்?"

ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாகச் சொக்கிளேற் என்றார்.

"கறிக்குள்ளயோ? குளிருக்கு உனக்கு மண்டை விறைச்சுப்போச்சே? அந்தப் பெட்டையும் இதைத்தான் தின்னுறாளோ, பாவம்."

பெட்டை என்றது என்னைத்தான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு சிரித்தேன். அப்போது மாமியின் பக்கத்தில் ஏதோ பெரிதாக அதிர்ந்தது.

"அது என்னம்மா சத்தம்?"

"அது கிடக்கு, விடு. நான் அங்க வந்தால் எனக்கும் ஒருவாய் தா, என்ன ருசியெண்டு பாப்பம். தூளைக் குறைச்சுப்போடு. என்ரை வயிறு தாங்காது."

பிறகு லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு மாமியின் குரலை நாங்கள் கேட்கவில்லை.

சண்டை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில், மாமியோடு ஓடிய அயல்வீட்டு அக்கா முகாமிலிருந்து போன் எடுத்தா. அழவில்லை. அழுது முடித்த குரல்.

"சனத்துக்குள்ள கை விட்டுப்போச்சு தம்பி. திரும்பிப் பாத்தால் ஆளில்லை. செத்ததை நான் காணேல்லை. பொய் சொல்லமாட்டன்."

இவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "காணேல்லை எண்டுதானே சொன்னவ?" என்று என்னிடம் கேட்டார். நான் ஓம் என்றேன். முகாம்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் எடுத்தார். படம் அனுப்பினார். ஒரு இடத்திலும் பெயர் இல்லை.

தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம் இவர் ஒருநாளும் விட்டதில்லை. தாயை இழந்தவர்களுக்கு அதுபோல் சித்திரா பௌர்ணமி. மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடாமல், மத்தியானம் காகத்துக்கு வைத்துவிட்டு ஒருநேரம் சாப்பிடுவார்கள். அடுத்த வருடம் அந்த நாள் வந்தபோது, இவரோடு வேலைசெய்கிற பொடியன் ஒருவர் எடுத்தார்.

"அண்ணை, திரிம்பாக் கோயிலுக்குப் போறன். வாறியளோ? அம்மாவுக்கு…"

"என்ரை அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டு இவர் போனை வைத்தார்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேராகத் துருக்கிக் கடைக்குப் போனார். ஒரு கிலோ ஆட்டிறைச்சி அரைத்து வந்தது. பெரிய சட்டியில் சில்லி கொதித்தது. நான் வாசலில் நின்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்:

"தாய் இருக்கிறவன் இண்டைக்கு மச்சம் சாப்பிடலாம்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சில்லி குறைந்துபோனது. சித்திரா பௌர்ணமிக்கு மட்டும் தவறவில்லை. வேலை இருந்தால் பின்நேரம் வந்து சமைப்பார். ருசித்துச் சாப்பிட்டார் என்று சொல்லமுடியாது. சாப்பிட்டு முடிப்பார். சட்டியின் அடி தெரியும்வரை.

நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். அங்கே செத்தவர்களின் அறையை நான்தான் கழுவுவேன். ஆட்கள் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள், பூ வைப்பார்கள். ஒருவரும் வராத கிழவிக்கும் இல்லத்துக்காரர் ஒரு பூவாவது வைப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமியை நினைப்பேன். ஒரு பூ இல்லை, ஒரு வாய் தண்ணீர் இல்லை. பெற்ற பிள்ளை அந்த நாளிலே இறைச்சி தின்கிறான். அது எனக்குப் பயமாகவே இருந்தது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வாய் வராதவள் கையால் ஒரு காரியம் செய்தேன்.

மகளுக்குப் பதினான்கு வயது அப்போது. அந்தச் சித்திரா பௌர்ணமி வேலைநாள். "நீர் இறைச்சியைப் போட்டு அடுப்பில வையும், நான் வந்து மிச்சத்தைப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சோயா மீற் வாங்கினேன். சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, சின்னதாகக் கொத்தி, நன்றாக வறுத்துப் போட்டேன். கண்டுபிடிக்காமல் இருக்க ஒரு கரண்டி தூள் கூட, சொக்கிளேற் ஒரு துண்டு கூட. அவர் தெரியாமலே விரதம் இருந்ததாகட்டும், மாமிக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். கோயிலைப் பார்த்துக் கும்பிட்டதுபோல் அந்தச் சட்டியையும் கும்பிட்டேன்.

இரண்டு வாய் சாப்பிட்டார். கரண்டியை வைத்தார்.

"இதுக்குள்ள என்ன போட்டனீர்?"

"வழமையான சாமான்தான்."

மகள் ஒன்றும் தெரியாமல், "அம்மா, அது சோயா எல்லோ? பெட்டியைக் குப்பைக்குள்ள கண்டனான். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"எட்டு வருஷமா நான் வைச்சிருந்த ஆளை, நீர் ஒரு பெட்டி சோயாவால அனுப்பிப்போட்டீர்."

எழும்பிப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். மகளுக்கு வாங்கி வைத்த சேர்வெலா சொசேஜ் கிடந்தது. மாடும் பன்றியும் கலந்தது என்று அவர் ஒருநாளும் தொடாதது. தோலைக்கூட உரிக்காமல், குளிரக் குளிர, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று தின்றார். விழுங்க முடியாமல் விழுங்கினார். மகள் பயந்து என் கையைப் பிடித்தாள். அதுவரை அந்த இறைச்சி பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். மாமியை அவர் அதிலேதான் கட்டி வைத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பலநாள் குசினி வாசல்வரை போனேன். "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த வருடங்களில் இறைச்சியை அவரே வாங்கி அவரே வறுத்தார். என்னை வெங்காயம்கூட வெட்ட விடவில்லை.

போன மாசியில் ஒருநாள் வேலையால் வந்து, கால் வலிக்குது என்று சோபாவில் இருந்தேன். அவர் பக்கத்தில் இருந்தார். சும்மாதான் சொன்னேன், இல்லத்தில் நான் கழுவுகிற மாடியில் இருக்கிற ஒரு கிழவியைப்பற்றி. இப்போது ஒன்றும் தன்பாட்டில் செய்யமாட்டா, ஆராவது கோப்பையை வாயில் பிடித்தால்தான் தண்ணீர் குடிப்பா, பிடிக்காவிட்டால் அப்படியே பார்த்துக்கொண்டு இருப்பா என்று.

"எத்தினை வயது?"

"தொண்ணூற்றி நாலு."

"அம்மாவுக்கும் இப்ப தொண்ணூற்றி நாலு" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "ஆர் பிடிக்கிறது, கோப்பையை?" என்று கேட்டார்.

"வேலை செய்யிற பிள்ளையள். ஆக்களில்லாட்டி நான்."

தலையாட்டினார். எழும்பி பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். வெளியில் நல்ல குளிர். ஜம்பர்கூடப் போடவில்லை. நான் கூப்பிடவில்லை.

இந்த வருடச் சித்திரா பௌர்ணமிக்கு லீவு எடுத்தார். துருக்கிக் கடைக்குப் போகவில்லை. காலையில் முழுகிவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் அடுப்பை மூட்டினார். அவரை விதை, தக்காளி, பழப்புளி, கோப்பி, சொக்கிளேற். என்னைத் திரும்பிப் பார்த்து, "வெங்காயம் வெட்டித் தாறீரோ?" என்று கேட்டார். வெட்டிக் கொடுத்தேன். சோறும் வைத்தேன். விரதத்துக்கு முறையான கறிகள் இரண்டு சமைக்கட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம். அம்மா கேட்டது இதைத்தானே."

மத்தியானம் சோற்றையும் சில்லியையும் வாழையிலைத் துண்டொன்றில் வைத்துப் பல்கனிக்குக் கொண்டுபோனார். இந்த ஊர்க் காகம் பெரியது, முழுக் கறுப்பு. மூன்று தரம் கூப்பிட்டார். முன்வீட்டுக் கூரையிலிருந்து ஒன்று இறங்கி, அவர் முகத்தை ஒருக்கால் பார்த்து, அவரை விதையைப் பொறுக்கித் தின்றது. அது போனபிறகும் வெற்று இலையின் முன்னால் அப்படியே நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சொல்ல நினைத்திருந்ததை அப்போதும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்தேன். விடுவிக்கவில்லை.

பிறகு மூன்று பேரும் சாப்பிட இருந்தோம். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, தூள் போட மறந்திட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. குறைச்சுத்தான் போட்டனான்."

தூள் போத்தல் மேசையில்தான் இருந்தது. மகள் அதை எடுக்கக் கை நீட்டினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு சாப்பிட்டாள்.