கழுவிய முகங்கள்

என் பெட்டியில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்றில் மிகப் பழைய அமெரிக்க வெள்ளி டாலர் நாணயம். அதில் கூந்தல் அவிழ்ந்த ஒரு பெண்ணின் தலை. இன்னொன்று சித்தியின் பாஸ்போர்ட் படம். பர்மாவில், ரங்கூனின் பபேடான் பகுதியில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில், ஒரே நாளில் இரண்டையும் நான்தான் எடுத்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. தெருவில் ஒவ்வொரு கடையாக ராணுவ அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அரசுக் கடை என்று எண் பலகை மாட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் படம் எடுக்க வருபவர்கள் நின்றுபோய், ஊரைவிட்டு இந்தியாவுக்குப் போகிறவர்கள்தான் பாஸ்போர்ட் படத்துக்கு எங்களிடம் வந்தார்கள். சிரிக்கச் சொல்ல எனக்கே வாய் வராது. வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டால் வரிசை முழுவதும் பேச்சை நிறுத்தும். அடுத்த பலகை எங்களுக்குத்தானோ என்று வாசலையே பார்ப்போம்.

சித்தப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மாலுமிகளிடம் வாங்கிச் சேர்த்த அமெரிக்க வெள்ளி நாணயங்கள்தான் அவருடைய ஒரே சொத்து. வெள்ளியைக் கப்பலில் கொண்டுபோக அனுமதி இல்லை. படத்தில் தரம் தேறினால் நாணயங்களை எடுத்துக்கொண்டு மதராஸில் பணம் கொடுக்கப் பினாங்கு வியாபாரி ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தை நம்பித்தான் சித்தப்பாவும் சித்தியும் என்னோடு கப்பலேற இருந்தார்கள்.

படம் எடுப்பதற்கு முதல் நாள் வீட்டில், சித்தப்பா உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து அந்த டாலரைக் காட்டினார். "காதுக்கு மேல முடி இழை இழையா தெரியுது பாரு. மேல படிஞ்சிருக்கே கறுப்பு, அதான் இதுக்கு உசிரு, விலையும் அதுக்குத்தான். அது படத்துல விழணும்." சித்தி அப்போது அடுப்படியில் இருந்தார்.

மறுநாள் இருவரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். பர்மியப் பெண்களைப் போல எப்போதும் கன்னத்தில் தனாக்கா மரச் சாந்து பூசியிருக்கும் சித்தி, அன்று முகத்தை நன்றாகக் கழுவியிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து நாணயங்களை மேஜையில் வைத்தார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த வெள்ளி, புதுக் கொலுசு போல மின்னியது.

"போட்டோவுக்கு வர்றவ மூஞ்சி கழுவாமலா வருவா? அழுக்கா இருந்தா எவன் வாங்குவான்?" என்றார் பெருமையாக.

சித்தப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன், பளபளப்பை மட்டுப்படுத்த மெழுகுத்தாள் கட்டிப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் கீறலும் பளபளப்பும்தான் தெரிந்தன.

தேய்த்துக் கழுவிய காசு வேண்டாம் என்று பினாங்கிலிருந்து பதில் வந்தது.

"வெறுங்கையோட அண்ணன் வாசல்ல போய் நிக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா, மதராஸில் இருந்த என் அப்பாவைச் சொல்லி. "நீ கப்பலேறு. நாங்க அப்புறமா வர்றோம்."

அதற்குப் பிறகு நான் கப்பலேறும் வரை, சித்தி வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்க்கவில்லை.

மதராஸிலிருந்து நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. இன்று படங்களை மெல்லப் பிரித்து வைத்துப் பார்க்கிறேன். நாணயப் பெண் பளிச்சென்று இருக்கிறாள். சித்தியும் பளிச்சென்று இருக்கிறார், பயணத்துக்குத் தயாராக. இருவருமே ரங்கூனைவிட்டு வரவில்லை.